ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மென்ட்டில் என்னதான் எழுதுவது?

கேள்வி கேட்டவர் நுண்கலைக் கல்லூரியில் அச்சோவியம் படித்து முடித்தவர். சொந்த ஊர் நெய்வேலிப் பக்கம். பாட்டி வீடு இருந்த தெருவையே நிலக்கரிச் சுரங்கத்துக்காக எடுத்துவிட்டார்கள். அந்தத் தெருவை வைத்து எட்சிங் வரிசை ஒன்று செய்திருக்கிறார். இப்போது ஒரு ரெசிடென்சிக்கு, அதாவது கலைஞர்கள் சில காலம் தங்கி வேலை செய்ய இடம் தரும் திட்டத்துக்கு, விண்ணப்பிக்கிறார். அதற்கு 300 சொற்களுக்குள் தன் கலைப் பணியைப் பற்றி ஸ்டேட்மென்ட் எழுதித் தர வேண்டும். நாலைந்து தரம் எழுதியும் திருப்தி வரவில்லை, எப்படித்தான் எழுதுவது என்று கேட்டு, எழுதியதையும் இணைத்திருக்கிறார். அதன் முதல் வரி இது: “எனது படைப்புகள் நினைவு, இடப்பெயர்வு, அடையாளம் ஆகியவற்றுக்கு இடையேயான சிக்கலான உறவை ஆராய்கின்றன.”

இந்த வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சென்னையில் புகைப்படம் எடுப்பவர், யாழ்ப்பாணத்தில் பழைய சேலைகளைத் தைத்து ஒட்டுபவர், டெல்லியில் வீடியோ செய்பவர் என்று யார் வேண்டுமானாலும் இதே வரியைத் தன் பெயருக்குக் கீழே போட்டுக்கொள்ளலாம். போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். தேர்வுக் குழுவில் உட்கார்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். “ஆராய்கிறது”, “கேள்விக்குள்ளாக்குகிறது” என்று தொடங்கும் தாள்கள் வரிசையாக வரும்போது கண் தானாக அடுத்த பத்திக்கு நழுவிவிடும்.

இத்தனைக்கும் உங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், ஒன்று எழுதியிருக்கிறீர்கள். “எல்லாம் ஒரே ஜிங்க் தகட்டில் செய்தது சார், ஒவ்வொரு பிரின்ட் எடுத்த அப்புறமும் ஒரு வீட்டைச் சுரண்டி எடுத்துட்டு மறுபடி அடிச்சேன்.” தம்பி, உங்கள் ஸ்டேட்மென்ட் இதுதான். நீங்கள் இணைத்த பக்கத்தில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

எட்சிங் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இல்லையென்றால் நான் ஏன் இதற்கு இவ்வளவு குதிக்கிறேன் என்று புரியாது. ஜிங்க் தகட்டின் மேல் ஆசிட் தொடாத மெழுகுப் பூச்சு ஒன்று போடுவார்கள். ஊசியால் அதில் கீறி வரைந்தால், கீறிய இடத்தில் மட்டும் உலோகம் வெளியே தெரியும். தகட்டை நீர்த்த நைட்ரிக் ஆசிட்டில் இறக்கினால் அந்தக் கோடுகள் அரிபட்டுப் பள்ளமாகும். பிறகு பூச்சைக் கழுவிவிட்டு, மையைப் பள்ளங்களுக்குள் அழுத்தித் தேய்த்து, மேற்பரப்பைத் துணியால் துடைத்து, ஈரத்தாளை மேலே வைத்துப் பிரஸ்ஸில் ஓட்டினால் படம் தாளில் ஏறிவிடும். வழக்கமாக ஒரு தகட்டிலிருந்து பத்து, இருபது என்று ஒரே மாதிரியான பிரதிகள் எடுத்து எண் போட்டுக் கையெழுத்திடுவார்கள். அதற்குத்தான் எடிஷன் என்று பெயர். அச்சோவியருக்கு வருமானம் என்று ஏதாவது வந்தால் அதிலிருந்துதான் வர வேண்டும்.

வரைந்ததை அழிக்க வேண்டுமென்றால் ஸ்க்ரேப்பரால் உலோகத்தைச் சீவி, பர்னிஷரால் தேய்த்து மட்டமாக்க வேண்டும். எவ்வளவு தேய்த்தாலும் அந்த இடம் லேசான குழியாகத்தான் நிற்கும். அடுத்த முறை மை பூசும்போது குழியில் கொஞ்சம் மை தங்கி, தாளில் சாம்பல் கறையாக விழும். உங்கள் படங்களில் வீடுகள் இருந்த இடத்திலெல்லாம் தெரிவது அந்தக் கறைதான். முன்பிருந்த நிலைக்குத் தகட்டைத் திருப்ப முடியாது. அதனால் எடிஷன் எடுக்க வாய்ப்பே இல்லை. ஒவ்வொரு நிலைக்கும் ஓர் அச்சோடு சரி.

இதெல்லாம் நீங்கள் எடுத்த முடிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையும் கொடுத்திருக்கிறீர்கள். விண்ணப்பத்தோடு நீங்கள் அனுப்பும் ஜேபெக்கில் இதில் ஒன்றும் தெரியாது. பார்ப்பவர், பன்னிரண்டு தகடுகளில் பன்னிரண்டு படம் வரைந்திருக்கிறார், கறை அக்வாடின்ட்டில், அதாவது தகட்டில் சாயல் கொண்டுவரும் வழக்கமான முறையில், போட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்தவருக்குப் போய்விடுவார். ஸ்டேட்மென்ட் எதற்கு இருக்கிறதென்று என்னைக் கேட்டால், படத்தைப் பார்த்து மட்டும் தெரிந்துகொள்ள முடியாததைச் சொல்வதற்கு. படத்தில் தெரிவதை மறுபடி வர்ணிக்க வேண்டாம். படத்துக்குப் பொழிப்புரையும் வேண்டாம்.

தேர்வு நடக்கும் விதமும் இதைத்தான் கேட்கிறது. நான் இருந்த குழுக்களில் முதலில் படங்கள் திரையில் ஓடும். ஏதோ ஒன்று நிறுத்தும். “இது என்ன, எப்படிச் செய்திருக்கிறார்?” என்று யாராவது கேட்பார். அப்போதுதான் ஸ்டேட்மென்ட்டைத் தேடுவோம். அதாவது, வாசகர் ஏற்கெனவே ஒரு கேள்வியோடு வருகிறார். அதற்குப் பதில் முதல் இரண்டு மூன்று வரிகளில் இருந்தால் மீதியையும் படிப்பார்.

இது புதிய விஷயமும் இல்லை. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1908-இல் பாரிஸ் பத்திரிகை ஒன்றில் தன் ஓவிய முறையைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். ஓவியன் வாயைத் திறந்தால் ஆபத்து என்ற பொருளில்தான் தொடங்குகிறார். ஆனால் கட்டுரையின் நடுவே, ஓர் அறையை வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம் என்று ஆரம்பித்து, அலமாரிக்கு ஒரு சிவப்பு வைக்கிறேன், பக்கத்தில் பச்சை வைத்ததும் சிவப்பின் பலம் மாறிவிடுகிறது, அதனால் முதலில் வைத்ததை மாற்ற வேண்டியிருக்கிறது என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டு போகிறார். படிக்கிறவருக்கு அவர் தூரிகை போகும் வழி தெரிந்துவிடுகிறது. அவருடைய பெரிய கருத்துகளை ஒப்புக்கொள்ளாதவர்கள்கூட அந்தப் பத்தியை மறக்க மாட்டார்கள்.

உங்கள் துறையிலேயே பாருங்கள். சித்தூர் மாவட்டத்தில் பிறந்து, கலாக்ஷேத்ராவில் கொஞ்ச காலம் கற்பித்து, பிறகு பாரிஸில் ஹெய்ட்டர் என்ற அச்சோவியரின் பட்டறைக்குப் போன கிருஷ்ண ரெட்டி, ஒரே தகட்டிலிருந்து ஒரே ஓட்டத்தில் பல நிறங்களை எடுக்கும் முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர். மையில் எண்ணெயைக் கூட்டிக் குறைத்தால் ஒரு மை இன்னொன்றை ஏற்கும் அல்லது தள்ளும். மெத்தென்ற உருளை ஆழமான பள்ளம்வரை இறங்கும், கெட்டியான உருளை மேட்டோடு நின்றுவிடும். அவர் தகட்டைச் சிற்பம் போலச் செதுக்கியது இதற்காகத்தான். அவரைப் பற்றிப் பேசும்போது செய்முறையைத் தனியாக, சிந்தனையைத் தனியாகப் பிரிக்க முடியாது. உங்கள் தகடும் அப்படித்தான். “நினைவு” என்று நீங்கள் எழுதாவிட்டாலும், சுரண்டியும் போகாத கறை என்று எழுதினால் வாசகர் தானே அங்கே வந்து சேர்வார். வந்து சேர்ந்தது அவர் என்பதால் நம்பவும் செய்வார்.

செய்முறையை எழுதச் சொன்னால் சிலர் பொருள் பட்டியல் கொடுத்துவிடுவார்கள்: ஜிங்க், ரோசின் பொடி, இன்ன கம்பெனித் தாள், இத்தனை அங்குலம். அது படத்துக்குக் கீழே ஒட்டும் சீட்டில் இருந்தால் போதும். ஸ்டேட்மென்ட்டில் வர வேண்டியது தேர்வு. வேறு விதமாகச் செய்திருக்க முடியும், ஆனாலும் இப்படிச் செய்தேன் என்பது எங்கெல்லாம் உண்டோ அதை எழுதுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-இல் நிறுவிய கே. சி. எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை முதல் தடவை பார்க்கிறவர்கள் படத்திலுள்ள எழுத்தைப் படிக்கப் பார்ப்பார்கள். ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும், கணக்கு மாதிரி இருக்கும், எழுத்து மட்டும் எந்த மொழியிலும் சேராது. இது படிப்பதற்கான எழுத்தில்லை என்று ஒருவர் சொன்ன மறு நிமிடம் கண் வேறு விதமாகப் பார்க்க ஆரம்பிக்கும். ஒரு ஸ்டேட்மென்ட் செய்யக்கூடிய வேலை அவ்வளவுதான், அது சின்ன வேலையும் இல்லை.

மொழிக்கு வருகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத் தமிழாக்கிப் பார்த்திருக்கிறீர்கள் என்று வாக்கியங்களிலேயே தெரிகிறது. காலரி உலகத்தில் புழங்கும் ஆங்கிலம் ஒரு தனி ஜாதி. 2012-இல் அலிக்ஸ் ரூல், டேவிட் லெவின் என்ற இருவர், இ-ஃப்ளக்ஸ் என்ற கலைச் செய்தி அமைப்பின் மின்னஞ்சல்களில் வந்த கண்காட்சி அறிவிப்புகளை மொத்தமாகக் கணினியில் போட்டு அலசி, இது ஆங்கிலம் மாதிரி தோன்றும் வேறொரு மொழி என்று கிண்டலாக ஒரு கட்டுரை எழுதினார்கள். எந்தப் பண்பையும் பெயர்ச்சொல்லாக்கிவிடுவது, எதுவும் சும்மா இருக்காமல் எதையாவது விசாரித்துக்கொண்டே இருப்பது, இதெல்லாம் அதன் இலக்கணம். நம் பக்கமும் ஒன்றும் குறைச்சலில்லை. “தொன்மங்களின் ஆழ்மனப் படிமங்கள்”, “வேர்களைத் தேடிய பயணம்” என்று தமிழிலும் ஒரு காட்டலாக் மொழி இருக்கிறது. இரண்டிலுமே படத்தைச் செய்த கை தெரியாது.

அதனால் முதலில் தமிழில், அதுவும் பேச்சாக ஆரம்பியுங்கள். கலை தெரியாத, ஆனால் உங்கள் மேல் அக்கறையுள்ள ஒருவரிடம் படங்களைக் காட்டுங்கள். அத்தை பையன், டீக்கடை நண்பர், யாரானாலும் சரி. போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுப் பேசுங்கள். அவர் “ஏன் ஒரே தகடு? இன்னொன்று வாங்க வேண்டியதுதானே?” என்று கேட்பார். தேர்வுக் குழு கேட்கப்போவதும் அதுதான். அதற்கு நீங்கள் சொல்லும் பதிலை அப்படியே எழுதி எடுங்கள். பிறகு ஒழுங்குபடுத்தி, கடைசியில் ஆங்கிலம். இங்கே இன்னொன்று: பெங்களூரிலுள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் போன்ற நல்கை அமைப்புகள் இந்திய மொழிகளில் எழுதிய விண்ணப்பங்களை ஏற்கின்றன. ஆங்கிலம் கட்டாயமா என்பதை அறிவிப்பில் ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் கஷ்டப்படுங்கள்.

சாட்ஜிபிடியிடம் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை, ஒருமை பன்மை பார்க்கக் கொடுங்கள், தாராளமாக. “இந்தப் படங்களுக்கு ஸ்டேட்மென்ட் எழுது” என்று கேட்டால், நீங்கள் இப்போது வைத்திருக்கும் அதே முதல் வரியை இன்னும் வழவழப்பாக எழுதித் தரும். தகட்டை நீங்கள் சுரண்டியது அதற்குத் தெரியாது, நீங்கள் சொன்னால் தவிர. சொல்ல உட்கார்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும், பிறகு அது எதற்கு?

சொந்தக் கதையை எவ்வளவு சொல்வது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். உங்கள் ஸ்டேட்மென்ட்டின் இரண்டாவது பத்தி முழுக்க அப்பாவின் ஒப்பந்த வேலை, அம்மா வளையலை அடகு வைத்துக் கல்லூரிக் கட்டணம் கட்டியது, முதல் தலைமுறைப் பட்டதாரி என்று போகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மறைக்கவும் வேண்டாம். ஆனால் அது இந்தப் படங்களுக்குள் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அப்பா சுரங்கத்தில் வேலை செய்கிறார், பாட்டியின் தெரு அதே சுரங்கத்துக்குள் போய்விட்டது: இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தால் அது வேலை செய்யும், முதுகுத்தண்டில் ஏறும். கல்லூரிக் கட்டணம் வேறு கதை. உதவித்தொகைக் கடிதத்தில் அதற்கு இடம் இருக்கிறது. வறுமையைக் காட்டி இடம் கேட்கிறோமோ என்ற எண்ணம் உங்களுக்கே வந்துவிட்டால் எழுத்து குரல் மாறிவிடும், படிப்பவருக்கு அது உடனே கேட்கும்.

பாதிப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓவியர் ஆதிமூலத்தின் கோடு பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் கோடு வரையும் யாருக்குத்தான் பிடிக்காது? காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்திகளில் எந்தக் கோடு, உங்கள் தகட்டில் அது எங்கே வருகிறது என்று காட்ட முடிந்தால் வையுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடலாம். அதைவிட முக்கியம், நீங்கள் குறிப்பிடாமல் விட்ட ஒருவர். வீட்டின் வரைபடமும் அச்சும் சேர்ந்து வந்தால் குழுவில் யாராவது ஒருவருக்கு அச்சோவியர் ஜரீனா ஹாஷ்மி ஞாபகத்துக்கு வராமல் இருக்க மாட்டார். அலிகரில் பிறந்து உலகமெல்லாம் அலைந்தவர். அப்பாவின் வீட்டுத் தரைப்படத்தை எட்சிங்காகச் செய்தார். 1999-இல் வீட்டைப் பற்றி 36 மர அச்சுகள், ஒவ்வொன்றிலும் ஓர் உருதுச் சொல். அவர் வேலையை உட்கார்ந்து பாருங்கள். அவருடையது சுத்தமான கோடு, தெளிவான கட்டம். உங்களுடையது அழுக்கான தகடு, எந்த வீடு எப்போது இடிந்தது என்று ஊரே சேர்ந்து சொன்ன வரிசை. இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும், ஸ்டேட்மென்ட்டில் அவர் பெயரை எழுத வேண்டியதில்லை. நேர்காணலில் கேட்பார்கள், அப்போது உதவும்.

சரி, எழுதிக் காட்டுகிறேன். இதிலுள்ள தகவல் எல்லாம் உங்கள் கடிதத்தில் இருந்து எடுத்ததுதான், நான் வரிசையை மட்டும் மாற்றியிருக்கிறேன்:

“இந்தப் பன்னிரண்டு அச்சுகளையும் ஒரே ஜிங்க் தகட்டிலிருந்து எடுத்தேன். தகட்டில் முதலில் என் பாட்டியின் தெரு முழுவதையும் அரித்தேன். அந்தத் தெரு நெய்வேலிச் சுரங்கத்துக்காகக் கையகப்படுத்தப்பட்டது. என் அப்பா அதே சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. எந்த வீடு எந்த வரிசையில் இடிக்கப்பட்டது என்று பாட்டியும் பழைய அக்கம்பக்கத்தாரும் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டு, அதே வரிசையில் வீடுகளைத் தகட்டிலிருந்து சுரண்டினேன். ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் ஓர் அச்சு மட்டும் எடுத்தேன். சுரண்டிய இடத்தில் மை தங்கிச் சாம்பல் கறையாக விழுகிறது. இன்னும் தேய்த்திருந்தால் கறை குறைந்திருக்கும், நான் தேய்க்கவில்லை. முந்தைய நிலையை மறுபடி அச்சடிக்க முடியாது என்பதால் இந்த வரிசைக்கு எடிஷன் இல்லை. கடைசி அச்சில் கோயில் வேம்பு மட்டும் நிற்கிறது. அதை எப்போது வெட்டினார்கள் என்பதில் பாட்டிக்கும் மாமாவுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அடுத்து, இதே தகட்டில் அந்தத் தெருவை அவரவர் ஞாபகப்படி மறுபடி வரைந்து அரிக்கப் போகிறேன். தகடு மெலிந்துவிட்டது, எத்தனை முறை தாங்கும் என்று தெரியவில்லை.”

300 சொற்கள் கேட்டார்கள், இது அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. பரவாயில்லை, அது உச்சவரம்பு. நீட்டித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால், வரிசையைச் சேகரித்த கதையை இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். யார் யாரிடம் கேட்டீர்கள், எங்கே முரண்பட்டார்கள் என்று. வேம்பைப் பற்றிய அந்தச் சண்டைதான் எனக்கு முழுக் கடிதத்திலும் மிகப் பிடித்த இடம். “நினைவின் நம்பகமின்மை” என்று நீங்கள் மூன்று வரி எழுதியிருந்ததை அது ஒரே வாக்கியத்தில் செய்துவிடுகிறது.

கடைசி இரண்டு வாக்கியங்கள் ரெசிடென்சிக்காகப் போட்டவை. அங்கே போய் என்ன செய்வீர்கள் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம், தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு வருகிறவரைத்தான் அவர்கள் எடுக்க விரும்புவார்கள். காலரிக்கு அனுப்பும்போது இந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள். பிறந்த ஆண்டு, கல்லூரி, பங்கேற்ற கண்காட்சிகள் எல்லாம் தனியாக வாழ்க்கைக் குறிப்பில் போக வேண்டும், அதைப் படர்க்கையில் எழுதுவார்கள். ஸ்டேட்மென்ட் எப்போதும் “நான்”தான். “கலைஞர் இப்படைப்பின் மூலம்” என்று தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வது காதில் கரகரக்கிறது.

அரசியல் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள், சுரங்கத்தின் பெயரைப் போடலாமா, நிறுவனத்தைக் குறை சொன்னது போலாகுமா, அப்பா வேலைக்குப் பிரச்சினை வருமா என்று. இதில் நான் தைரியம் சொல்லத் தயாரில்லை, வேலை உங்கள் அப்பாவுடையது. அவரிடமே முதலில் படித்துக் காட்டுங்கள். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு “நிலக்கரிச் சுரங்கம்” என்று மட்டும் போட்டாலும் ஸ்டேட்மென்ட் நிற்கும், ஏனென்றால் அதைத் தாங்குவது தகடு. ஆனால் அப்பாவைப் பற்றிய வாக்கியத்தை அவர் வேண்டாம் என்றால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.

இறுதி நாளுக்கு முன்னால் வாய்விட்டு ஒரு தடவை படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். பிறகு இதையே 100 சொல்லில் ஒன்று, 50 சொல்லில் ஒன்று என்று சுருக்கி வைத்துக்கொள்ளுங்கள், எல்லாப் படிவமும் வேறு வேறு அளவு கேட்கும். 50 சொல்லுக்கு வரும்போது மிஞ்ச வேண்டியவை: ஒரே தகடு, இடித்த வரிசை, கறை. புதிய வேலை தொடங்கிய பிறகும் இதே தாளை அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள், அந்த வேலைக்குப் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.